உப்புப் படிந்த விளக்கு

காலை மாத்திரையை விழுங்கிய கையோடு முருகேஸ்வரி வாந்தி எடுத்தாள். ஓடிப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்ட சேனாதிபதியின் கண்ணில் முதலில் பட்டது அந்த மாத்திரைதான். பாதிகூடக் கரையாமல் வாஷ்பேசினில் கிடந்தது. வேறு எந்த வீட்டிலும் அதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவரால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

முந்தின நாளே அவளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியிருந்தது. வெளியில் எதுவும் சாப்பிடவில்லை, கோயில் கூட்டத்துக்குள் போகவில்லை, எப்படி வந்தது என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை அவர் தம்ளர் தம்ளராகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். குடிக்கக் குடிக்க அதிகமானதே தவிர நிற்கவில்லை. விடிந்தபோது அவள் முகம் சிறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இப்போது மாத்திரையும் தங்கவில்லை.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், தன்னுடையதில் ஒன்றை அவர் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுப்பது வழக்கம், புருஷன் கொடுப்பது அபூர்வம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் நர்சுகள் அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனத்தில் தங்கியது, அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா சொன்ன விஷயம். வந்து சேர்ந்த உறுப்பு தன்னுடையது இல்லை என்பது உடம்புக்கு என்றைக்கும் தெரியும். அது விழித்துக்கொண்டு சண்டைக்குப் போகாமல் மாத்திரைதான் அதை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அரைத்தூக்கத்தில் இருக்கும் உடம்பு கிருமி வந்தாலும் எழுந்திருக்காது. ஆகவே சாப்பாடு, தண்ணீர், வீட்டுக்கு வருகிற ஆள் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும் என்றார்கள். அன்று அவருக்குள் குடியேறிய பயம் பிறகு வெளியே போகவே இல்லை. காய்கறியை அவரே கழுவினார். தும்முகிறவர்களை வாசலோடு அனுப்பினார். தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் பக்கம் அவளை அண்டவே விடமாட்டார்.

அந்த மெஷினைக் கொடைக்கானலில் இருக்கும்போது வாங்கினார். அங்கே ஒரு பள்ளி விடுதியில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். நாயுடுபுரத்தில் வீடு. மலைத்தண்ணீரில் உப்பு கிடையாது, இதற்கு யூவி விளக்கு வைத்த சாதாரண மெஷினே தாராளம் என்று கடைக்காரர் சொன்னார். உள்ளே ஒரு வடிகட்டி, ஒரு கரி வடிகட்டி, அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் விளக்கு எரியும், குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடும், வெளிச்சம் பட்டுக் கிருமி சாகும். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று தேதி போட்டு மெஷினின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். முதல் வருஷம் முடிந்து ஆள் வந்து கழற்றியபோது அவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். வடிகட்டி லேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடிக் குழாய் புதிதுபோல மின்னியது. இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்கும் என்று வந்தவர் சிரித்தார். அதோடு, அந்தக் குளிரில் அவர்கள் பச்சைத்தண்ணீரைக் குடித்ததே கிடையாது. மெஷினில் பிடித்த தண்ணீரைச் சுடவைத்து பிளாஸ்க்கில் ஊற்றித்தான் குடித்தார்கள்.

பனிக்காலம் வந்தால் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மலையை விட்டு இறங்கிவிடுங்கள் என்றார்கள் டாக்டரம்மா. சித்திரையில் பழனிக்கு வந்தார்கள். அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை கிடைத்தது. கூட்டத்துக்குள் வேண்டாம் என்று ஆயக்குடி ரோட்டில் புதிதாக வீடுகள் எழும்பியிருந்த பக்கம் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார். கீழே வீட்டுக்காரர் சின்னச்சாமி இருந்தார். அவர் மகன் திருப்பூரில் வேலையில் இருக்க, மருமகள் தேவசேனா கைக்குழந்தையோடு மாமனார் வீட்டில் இருந்தாள். நகராட்சிக் குழாய் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. எல்லாருக்கும் போர் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நின்றது. வாளியைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. முதல் நாள் குடிப்பதற்குச் சுடவைத்தபோது மேலே சுண்ணாம்பு ஆடைபோல ஏதோ மிதந்தது. முருகேஸ்வரி ஒரு வாய் குடித்துவிட்டு, தொண்டையில் மாவு ஒட்டினமாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். வெயிலோ மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் வெந்நீர் எவருக்கு இறங்கும். மெஷின் இருக்கும்போது எதற்குச் சுடவைக்க வேண்டும் என்று சேனாதிபதியே சொல்லிவிட்டார். மலையிலிருந்து மெத்தைக்கு நடுவில் வைத்துப் பத்திரமாக இறக்கிய மெஷினை அவரே சுவரில் மாட்டினார். முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டிக்கரில் இருந்த தேதிக்கு இன்னும் நிறைய நாள் கிடந்தது.

இப்போது ஐப்பசி. ஆறு நாளாக விட்டு விட்டு அடைமழை. அன்றைக்குப் பார்த்துச் சூரசம்காரம்.

மதுரைக்குப் போக, லாட்ஜுக்குக் கார் ஓட்டும் பொன்னுவேலுக்குப் போன் போட்டார். அவன் வெள்ளனே வந்துவிட்டான். ஆனால் ஊரைத் தாண்டுவதற்குள் உயிர் போனது. பச்சை வேட்டிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். பொன்னுவேல் ஹாரனை அடித்துப் பார்த்தான், இறங்கிப் போய்க் கெஞ்சிப் பார்த்தான். முருகேஸ்வரி பின்சீட்டில் அவர் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் நெற்றி கொதித்தது. உள்ளங்கை மட்டும் சில்லென்று இருந்தது. கிளம்பியதிலிருந்து அவள் ஒருதடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. நேற்று இரவும் போனமாதிரி தெரியவில்லை. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டு, இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்.

ஒட்டன்சத்திரம் தாண்டியபிறகு அவள் கண்ணைத் திறந்தாள். அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஒங்க பொருள நான் பத்தரமாத்தாங்க வச்சிருந்தேன்" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது எம் பொருள் இல்ல. ஒம் பொருள். பேசாமப் படு."

திண்டுக்கல் வருகிறவரை அவருக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. இது போய்விட்டால் அடுத்தது எங்கே? தன்னிடம் இருப்பது இனி ஒன்றுதான், அதைக் கேட்டாலும் எடுக்கமாட்டார்கள். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை. தங்கைக்கு ரத்தவகை சேரவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று தடவை ஊசி குத்திக்கொண்டு டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக்கிடந்த அந்தப் பழைய நாட்களுக்கு அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறோமோ என்று நினைத்தபோது, ஓடுகிற காரிலிருந்து இறங்கி எங்கேயாவது ஓடிவிடலாம்போல இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் உடனே படுக்கவைத்து சலைன் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் தங்கை திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்ந்தாள். மதியம் டாக்டரம்மா அவரை அறைக்குள் கூப்பிட்டார்கள். எப்போதும் சிரித்த முகம், அன்று சிரிக்கவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எப்போதும் ஒன்றை ஒட்டியே இருக்கும், இப்போது இரண்டேமுக்கால் என்றார்கள். உடம்பில் நீர் வற்றியதால் ஏறியிருக்கலாம், அப்படியானால் சலைன் ஏறியதும் இறங்கும். இல்லையென்றால் மாத்திரை தங்காத நேரத்தில் உடம்பு விழித்துக்கொண்டு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளத் தொடங்கியிருக்கலாம். மறுநாள் காலை ரத்தத்தில் எண் இறங்கவில்லை என்றால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். சேனாதிபதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். காதில் விழுந்தது பாதிதான்.

பிறகு அவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. மெஷின் தண்ணீர் தவிர அவள் வாயில் எதுவும் படவிடமாட்டேன், தேதி தவறவில்லை, பச்சை விளக்கு இன்று காலைகூட எரிந்தது என்று ஒப்பித்தார்.

டாக்டரம்மா கையிலிருந்த ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தார்கள். "மோஷன் டெஸ்ட்ல ஒரு கிருமி இருக்கு சார். பெரும்பாலும் தண்ணியில வர்றது. குளோரினுக்கு மசியாது. கொதிக்க வச்சாச் சாகும், யூவி வெளிச்சம் ஒழுங்காப் பட்டாச் சாகும். இவுங்க வேற தண்ணியே குடிக்கலன்னா, அந்த மெஷின்லதான் என்னமோ ஆயிருக்கு. அங்க என்ன தண்ணி, உப்புத்தண்ணியா?"

போர் தண்ணீர் என்றார். சோப்பு நுரைக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"மொதல்ல அதத் தெறந்து பாருங்க."

தங்கையைக் காவல் வைத்துவிட்டு அவர் பழனி பஸ் ஏறினார். லாட்ஜில் திருவிழாக் கூட்டம் என்று பொன்னுவேல் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கம்பெனிக்குப் போன் செய்து, ஆள் அனுப்பச் சொன்னார். தேதி இன்னும் வரவில்லையே என்று அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சொன்னது. அவர் கத்தாமல், மெதுவாக, என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் அம்மா என்றார். சாயந்திரத்துக்குள் அனுப்புவதாகச் சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் கிடத்தினார். திருப்புளியைப் பிடித்த கை வழுக்கியது. வடிகட்டியை உருவியபோது அது கல்போலக் கனத்தது. வெளியெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாக இறுகிக் கிடந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, விளக்கு இருந்த உருளையின் மூடியைத் திருகி, உள்ளேயிருந்த கண்ணாடிக் குழாயை மெல்ல இழுத்தார்.

கண்ணாடி என்று சொன்னால்தான் தெரியும். முட்டை ஓடுபோல முழுக்க வெள்ளை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருக்கும் விளக்கின் நிழல்கூடத் தெரியவில்லை. நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்வதுபோல ஒரு செதில் உதிர்ந்தது, அவ்வளவுதான், மற்றது அசையவில்லை.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பருப்பை வேகவிடாத உப்பு, வாளியில் கோடு போட்ட உப்பு, இங்கே விளக்கைச் சுற்றி நாளுக்கு நாள் சுவர் எழுப்பியிருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளிச்சம் தண்ணீரை எட்டவில்லை. எத்தனை நாளாக எட்டவில்லை என்று யாருக்குத் தெரியும். மலையில் ஒரு வருஷம் ஆகியும் மின்னிய குழாய் இங்கே அரை வருஷத்தில் குருடாகிப் போயிருக்கிறது. தேதி தண்ணீரைப் பார்த்துப் போட்ட தேதி இல்லை. ஸ்டிக்கருக்கு மலைத்தண்ணீரும் ஒன்றுதான், இந்தத் தண்ணீரும் ஒன்றுதான். மழை பெய்து கக்கூஸ் தொட்டித் தண்ணீரோ ஆட்டுக்கொட்டாய்த் தண்ணீரோ போருக்குள் இறங்கிய அன்று, அதைத் தன் கையாலேயே பிடித்து, தம்ளரில் ஊற்றி, அவள் வாயில் வைத்திருக்கிறார். வயிற்றுப்போக்கு நிற்க உப்பும் சர்க்கரையும் கலந்து ராத்திரி முழுக்கக் கொடுத்ததும் அதே தண்ணீர்.

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கீழ்வீட்டில் குழந்தை அழுதது. அதன் வழக்கமான கத்தல் இல்லை. ஈனமாக, இழுத்து இழுத்து. கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். கீழேயும் இதே மெஷின்தான். தேவசேனா குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க நல்ல மெஷின் எது என்று கேட்டபோது, நான் வருஷக்கணக்காக வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கும்மா என்று சிபாரிசு செய்தவர் அவர். அவர்கள் வாங்கி நாலைந்து மாதம் இருக்கும்.

அந்தக் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். என்ன சொல்வது? வீட்டுக்காரரிடம் அவர் வீட்டுத் தண்ணீரைக் குறை சொல்ல வேண்டும். அதோடு தன் வாயால் நல்லது என்று சொன்ன மெஷினை இப்போது மோசம் என்று சொல்ல வேண்டும். ஒருவேளை குழந்தைக்கு ஒன்றும் இல்லையோ, பல் முளைக்கிற அழுகையோ, காலையில் பார்த்துக்கொள்ளலாமோ என்று மனசு ஒரு சந்து தேடியது. கதவருகே போனபோது குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டது. அந்த அமைதி அழுகையைவிட மோசமாக இருந்தது. கதவைத் தட்டினார்.

தேவசேனா தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து பேதி, பல் வருகிறது என்று மாமா சொல்கிறார் என்றாள். சின்னச்சாமி உள்ளேயிருந்து, பல்லு மொளச்சா அப்படித்தான் இருக்கும் என்று ஆமோதித்தார். சேனாதிபதி குழந்தையின் முகத்தைப் பார்த்தார். கண் குழிக்குள் போயிருந்தது. வாய் திறந்திருந்தது, நாக்கு காய்ந்திருந்தது. காலையில் தன் மடியில் கிடந்த முகத்தின் சின்ன நகல்.

கையிலிருந்த கண்ணாடிக் குழாயை நீட்டி விஷயத்தைச் சொன்னார். எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்று அவருக்கே தெரியாது. சின்னச்சாமி எழுந்து வந்தார்.

"எந் தண்ணியில கிருமி இருக்குன்னு சொல்றீகளா? பொழுதன்னைக்கும் நான் இதத்தானய்யா குடிக்கிறேன். எனக்கு என்ன வந்துச்சு?"

பெரியவர்களுக்கு அது இரண்டு நாள் வயிற்றுவலியோடு போய்விடும், முருகேஸ்வரிக்கும் பிள்ளைக்கும் அப்படிப் போகாது என்று சேனாதிபதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேவசேனா குறுக்கிட்டாள்.

"அண்ணே, பால் கலக்குறதுக்கு லேசாத்தான் சுட வப்பேன். கொதிக்க விடமாட்டேன். நேத்துல இருந்து அஞ்சாறு தடவ குடுத்துட்டேன்."

"இப்ப அதையெல்லாம் யோசிக்க வேணாம். வெரசாக் கெளம்பும்மா" என்றார் அவர்.

சின்னச்சாமி செருப்பைத் தேடினார். பொன்னுவேலின் கார் கூட்டத்தில் மாட்டியிருந்தது. தெருமுனையில் நின்ற ஆட்டோவை மறித்து, மூன்று பேருமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் ஆட்டோ குதிக்கும்போது தேவசேனா குழந்தையின் மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். மலைமேல் மேளம் கேட்டது. சின்னச்சாமி கண்ணை மூடி வாய்க்குள் முருகா முருகா என்று முனகிக்கொண்டு வந்தார். சேனாதிபதிக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் வயிற்றுத் தோலை ஒரு டாக்டர் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் உடனே விரியாமல் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு யாரும் மெதுவாக நடக்கவில்லை. நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தி, மூன்றாவதாகக் காலில் கிடைத்தது. அப்போதுதான் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தில் தேவசேனா தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், விடியட்டும் என்று இருந்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். மதுரை ரிப்போர்ட்டில் இருந்த கிருமியின் பெயரைச் சேனாதிபதி போனில் எடுத்த படத்தில் காட்ட, டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து வந்த அஜித்குமார் வீட்டு வாசலில் காத்திருப்பதாகப் போன் செய்தான். சின்னச்சாமியை அங்கேயே விட்டுவிட்டு, கீழ்வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அவர் திரும்பினார். அஜித்குமார் கீழ்வீட்டு மெஷினையும் கழற்றினான். அந்தக் குழாயும் வெளுத்துத்தான் இருந்தது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் குழாய்த்தண்ணீரைப் பிடித்து, இளஞ்சிவப்பாக்கும் மருந்தைப் போட்டு, வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான். எத்தனையாவது சொட்டில் நிறம் நீலமாக மாறுகிறதோ அதை வைத்து உப்பு எவ்வளவு என்று தெரியும், நல்ல தண்ணீருக்குச் சில சொட்டு போதும் என்றான். அவன் விட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.

"இந்தத் தண்ணிக்கு வருசக் கணக்கெல்லாம் ஆகாது சார்" என்றான் கடைசியில். "மூணு மாசத்துக்குள்ள வடிகட்டிய மாத்தணும், மாசா மாசம் குழாயக் கழட்டிக் கழுவணும். இல்ல, மெஷினுக்கு முன்னாடியே உப்ப எடுக்குறதுக்கு ஒண்ணு மாட்டணும். பச்ச லைட்டு, வெளக்கு எரியுதுன்னுதான் சொல்லும். வெளிச்சம் தண்ணிக்குப் போகுதான்னு அதுக்குத் தெரியாது."

இதை ஏன் முன்னாலேயே யாரும் சொல்லவில்லை என்று கேட்க சேனாதிபதி வாயெடுத்தார். அஜித்குமாரின் முகம் அதற்குள் வெளிறியிருந்தது. ஆபீஸில் தேதியைப் பார்த்து அனுப்புவார்கள், நானும் தேதியைப் பார்த்துத்தான் போவேன் சார், இந்தத் தெருவிலேயே நிறைய வீட்டில் மாட்டியிருக்கிறேன் என்றான். இரண்டு பேருமாகப் போய் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். சிலர் பயந்தார்கள். சிலர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சரி என்றார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனார். ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ரிப்போர்ட் வரவில்லை என்று மைத்துனி சொன்னாள். ஊசி போட்டுச் சதை எடுப்பதற்குச் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்க வருவார்களாம். அவர் வராந்தாவில் நின்றார். உட்காரப் பிடிக்கவில்லை. நர்சு யாராவது காகிதத்தோடு வந்தால் அவர் கண் முகத்துக்குப் போகாது, காகிதத்துக்குத்தான் போகும். தன் இடுப்பில் இருந்த தழும்பை அவர் அறியாமலே கை தடவிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அது வலிக்கிற தழும்பு இல்லை.

டாக்டரம்மாவே வந்தார்கள். இரண்டேகால், இறங்குகிறது என்றார்கள். உடனே சந்தோஷப்பட வேண்டாம், நாளைக்கும் இறங்க வேண்டும். கையெழுத்து இப்போதைக்குத் தேவையில்லை. இன்று காலை நன்றாக ஒன்றுக்குப் போனாள் என்று அவர்கள் சேர்த்துச் சொன்னபோதுதான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

எண் மெல்ல மெல்ல இறங்கியது. ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இனி இதுதான் உங்கள் எண், இதோடு நீண்ட நாள் இருக்கலாம், ஆனால் இன்னொரு அடி தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன் என்றார்கள் டாக்டரம்மா. பழனியில் குழந்தை அதற்கு முன்பே வீடு திரும்பியிருந்தது. சின்னச்சாமி போன் செய்து, கக்கூஸ் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற போரை மூடிவிட்டு வேறு இடத்தில் போடப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். போனை வைக்கும்போது, நீங்க கதவத் தட்டலேன்னா என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், முருகேஸ்வரி கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது சேனாதிபதி எல்லாவற்றையும் சொன்னார். குழாய் எப்படி வெளுத்திருந்தது, ராத்திரி முழுக்கத் தான் கலக்கிக் கொடுத்த தண்ணீர் எது, சுடவைக்க வேண்டாம் என்று சொன்னது யார். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். முகம் மாறவில்லை. அவள் அழுவாள் அல்லது ஆறுதல் சொல்வாள் என்று அவர் நினைத்திருந்தார். இரண்டும் நடக்கவில்லை.

"ரெண்டு வருசமா அந்த மெஷின் பக்கம் என்ன விட்டீகளா?" என்று கேட்டாள். "தண்ணி சரியில்லன்னு வந்த மொத நாளே என் நாக்குக்குத் தெரிஞ்சிச்சு. பருப்பு வேகலன்னு சொன்னேன். நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டேன். ஒத்த ஆளாப் பயந்துக்கிட்டு ஒத்த ஆளாவே எல்லாத்தையும் பாத்தா இப்படித்தான் ஆகும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனி நாந்தான் கழட்டுவேன். நீங்க நில்லுங்க, பாருங்க. கை வைக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்தபிறகு குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலாக இறுத்துத்தான் குடித்தார்கள். உப்பை எடுக்கிற சாதனம் ஒன்றை அஜித்குமார் கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் மாட்டினான். ஆனாலும் மாதம் பிறந்தால் முருகேஸ்வரி முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியோடு உட்கார்ந்துவிடுவாள். முதல் தடவை அவளுக்கு நேரம் பிடித்தது. மூடி இறுகியிருந்தது. சேனாதிபதியின் கை தானாக நீண்டது. அவள் ஒரு பார்வை பார்த்ததும் பின்னால் கட்டிக்கொண்டார். குழாயை உருவி வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் லேசாகப் புகை பிடித்தமாதிரி இருக்கிறது என்றாள். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள். போய்விட்டது என்றாள். நல்லாப் பாரு, என்றார் அவர். நல்லாத்தான் பாத்தேன், நீங்க லாட்ஜுக்குக் கெளம்புங்க, சோலி கெடக்கும் என்று அனுப்பினாள்.

அவர் கிளம்பினார். பாதிப் படியில் நின்று காது கொடுத்தார். மேலே தம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குடிப்பதற்கான இடைவெளி. அந்த இடைவெளி முடிந்து தம்ளரை வைக்கிற சத்தம் வரும்வரை அவர் அடுத்த படிக்குக் காலை எடுத்து வைக்கவில்லை.